12,000 லிட்டர் லாரியில் 13,107 லிட்டர்

(எபிசோடின் ஒலிப்பதிவை எழுத்தாக்கி, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

எம்பெடட் பத்தி ஒரு எபிசோடு போடுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தீங்க. இன்னைக்கு அதுதான். ஆனா கோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தண்ணி லாரி கதை. இந்தக் கதையில தப்பு பண்ணினது நான். அதை முதல்லயே சொல்லிடறேன். இல்லேன்னா நடுவுல வேற யாரையாவது சந்தேகப்படுவீங்க. அங்கேயும் அப்படித்தான் நடந்தது.

அப்போ ஓஎம்ஆர் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில இருந்தேன். மொத்தமே அஞ்சு பேர். அபார்ட்மெண்ட் சம்ப்புல மாட்டுற ஒரு பெட்டி செஞ்சோம். தண்ணி லாரிக்காரர் ஓஸை மாட்டினா, தண்ணி ஒரு மீட்டர் வழியா சம்ப்புக்குப் போகும். மீட்டர் ஒவ்வொரு லிட்டருக்கும் 10 பல்ஸ் கொடுக்கும். பெட்டிக்குள்ள இருக்கிற மைக்ரோகண்ட்ரோலர் அதை எண்ணும். ஆர்டர் பண்ணின 12,000 லிட்டர், அதாவது 1,20,000 பல்ஸ் வந்ததும் வால்வை மூடி, செகரெட்டரிக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். நடுவுல தண்ணி நின்னு போச்சுன்னா, கொஞ்ச நேரம் பார்த்துட்டு வந்த அளவை அனுப்பும். அவ்வளவுதான் வேலை. காலேஜ் ப்ராஜெக்ட் மாதிரி இருக்குல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

முதல் பெட்டியை ஒரு பெரிய அபார்ட்மெண்ட்ல மாட்டினோம். கோடைக்காலம், ஒரு நாளைக்கு ஏழெட்டு லோடு இறங்கும். ரெண்டு டிரைவர் மாத்தி மாத்தி வருவாங்க. ஒரு வாரம் பிரச்சினையே இல்ல. அப்புறம் ஒரு நாள் காலைல ஏழு மணிக்கு செகரெட்டரி சார் போன். ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், கோபம் வந்தாகூட சத்தம் போட மாட்டார். "தம்பி, உங்க பெட்டி 13,107 லிட்டர்னு மெசேஜ் அனுப்பியிருக்கு. சம்ப்புல பாதிகூட இல்ல. லாரிக்காரன் மீட்டர்ல ஏதோ பண்ணிட்டான்."

அந்த அஞ்சு மணி லோடு கொண்டுவந்த டிரைவருக்கு அம்பது வயசு இருக்கும். அவர் சொன்னது இதுதான்: பாதி இறங்கும்போதே வால்வு மூடிக்கிச்சு, வாட்ச்மேனை எழுப்பிப் பார்த்தேன், ஒண்ணும் பண்ண முடியல, அடுத்த ட்ரிப்புக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன். மீதித் தண்ணி? அடுத்த இடத்துல இறக்கிட்டேன். இதைக் கேட்டா செகரெட்டரிக்கு என்ன தோணும்? மீட்டர்ல காந்தம் வச்சோ என்னமோ பண்ணியோ நம்பரை ஏத்திட்டு, பாதித் தண்ணியை வேற இடத்துல வித்துட்டார்னுதான் தோணும். அந்த லோடுக்குப் பணம் தரல.

பத்து நாள் கழிச்சு மறுபடியும் அதே. அதே 13,107. அதே டிரைவர். ரெண்டு தடவையும் அவர் லோடா அமைஞ்சது தற்செயல்னு இப்போ எனக்குத் தெரியும். அன்னைக்கு யாருக்கும் அப்படித் தெரியல. எனக்கும்தான். கேட் பக்கத்துல நின்னு என்கிட்ட அவர் ஒண்ணு சொன்னார்: "தம்பி, என் வண்டியே 12 ஆயிரம்தான். 13 ஆயிரம் எங்கேருந்துப்பா வரும்?" நான் தலையை ஆட்டிட்டு, பல்ஸ் லைன்ல நாய்ஸ் இருக்கும்னு நினைச்சுக்கிட்டு ஆபீஸ் வந்துட்டேன். மொத்தக் கேஸுக்கும் அந்தக் கேள்வியிலதான் விடை இருந்தது. ரெண்டு தடவையும் ஒரு லிட்டர்கூட மாறாம அதே நம்பர். நாய்ஸ் அவ்வளவு ஒழுங்கா வருமா? வராது. அப்போ அது எனக்கு உறைக்கல.

சரி, டீபக்கிங். எங்ககிட்ட இருந்தது அர்டுயினோ ஊனோல வருமே, அதே ஏடிமெகா328 சிப். 8 பிட், 16 மெகாஹெர்ட்ஸ், ப்ரோக்ராமுக்கு 32 கிலோபைட் ஃப்ளாஷ், 2 கிலோபைட் ரேம். உங்க போன்ல எடுக்கிற ஒரு செல்ஃபிகூட அந்த ரேம்ல அடங்காது. ஸ்கிரீன் கிடையாது, கீபோர்டு கிடையாது. உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க ஒரே வழி சீரியல் கேபிள். எல்லாரும் செய்யறதைத்தான் நானும் செஞ்சேன். கோடு முழுக்க ப்ரிண்ட். "எண்ணிக்கை இவ்வளவு, வால்வு திறந்திருக்கு"ன்னு ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு வரி லேப்டாப்ல ஓடும்.

ஒரு வாரம் ஓட்டினேன். ஒரு தப்புகூட வரல. போர்டுல ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்து, நாய்ஸை சரி பண்ணிட்டோம்னு அறிவிச்சு, ப்ரிண்ட் எல்லாம் எடுத்துட்டு, பெட்டியைத் திருப்பி மாட்டினோம். எட்டாவது நாள், 13,107. இந்தத் தடவை இன்னொரு டிரைவரோட லோடு. ஆனா அதுக்குள்ள முதல் டிரைவரை வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க. ரெண்டு லோடு பணம் நிலுவை.

இந்த இடத்துல ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். எனக்குப் பின்னாடி தெரிஞ்சதுதான், ஆனா இப்பவே சொன்னா நல்லா இருக்கும். ப்ரிண்ட் இல்லாத என் மெயின் லூப் ஒரு சுத்துக்கு 10 மைக்ரோவினாடி எடுத்துக்கும். அதாவது வினாடிக்கு ஒரு லட்சம் தடவை எண்ணிக்கையைப் பார்க்கும். ப்ரிண்ட் போட்ட வெர்ஷன்ல ஒரு வரிக்கு 40 எழுத்து. 9600 பாட் வேகத்துல ஒரு எழுத்து போக ஒரு மில்லிவினாடிக்குக் கொஞ்சம் மேல ஆகும். பஃபர் நிரம்பின உடனே சிப் காத்துட்டு நிக்கும். ஆக ஒரு சுத்துக்கு 40 மில்லிவினாடி. வினாடிக்கு வெறும் 25 தடவைதான் பார்க்குது. 4000 மடங்கு மெதுவான வேற ஒரு ப்ரோக்ராமை ஒரு வாரம் உட்கார்ந்து டெஸ்ட் பண்ணிட்டு, பாஸ்னு சொல்லியிருக்கேன்! லைவ்ல பத்து நாளைக்கு ஒரு தடவை வர்ற தப்பு, அந்த ப்ரிண்ட் வெர்ஷன்ல வரணும்னா நூறு வருஷத்துக்கு மேல காத்திருக்கணும்.

எங்க டீம்ல ஹார்டுவேர் பார்க்கிற ஒரு அக்கா இருந்தாங்க. என் ஸ்கிரீன்ல வரி வரியா ஓடறதை ஒரு நிமிஷம் பார்த்தாங்க. "எதுக்கு அதை இப்படிக் கத்த விடறே? கத்தற நேரத்துல அது வேலையே செய்யலையே. நீ கேட்டா மட்டும் பதில் சொல்ற மாதிரி வை"ன்னாங்க. அப்புறம், "நீ காலேஜ்ல 8085 கிட் தொட்டதே இல்லையா?"ன்னும் கேட்டாங்க. அது கொஞ்சம் வலிச்சது.

ஈசிஇ, ட்ரிபிள்ஈ ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஹெக்ஸ் கீபேட், சிவப்பு எல்இடி டிஸ்ப்ளே, எங்க லேப்ல 4100-லேருந்து ஆரம்பிச்சு கோடு அடிப்போம். அட்ரஸ் கொடுத்தா அந்த இடத்துல இருக்கிற டேட்டாவைக் காட்டும், மாத்தச் சொன்னா மாத்தும், ஓடச் சொன்னா ஓடும். அந்த வேலையைச் செஞ்சது கிட்டோட ரோம்ல இருந்த ஒரு குட்டி ப்ரோக்ராம். அதுக்குப் பேரே மானிட்டர் ப்ரோக்ராம். 1976-ல வந்த கிம்-1ங்கிற போர்டுல இதுக்குன்னு இருந்த ரோம் மொத்தம் 2 கிலோபைட்தான். அதுல ஒரு டெலிடைப்பையே மாட்டிக்கிட்டு மெமரியைத் தட்டிப் பார்க்கலாம். ரெக்கார்டு நோட்டுல படம் வரைஞ்சு கையெழுத்து வாங்கிட்டு நாம மறந்துபோன விஷயம் இது.

சரி, மானிட்டர் என்ன செய்யணும்? ஸ்கூல்ல டீச்சர் வெளிய போகும்போது கிளாஸ் லீடர்கிட்ட, பேசுறவங்க பேரை எழுதி வைன்னு சொல்லிட்டுப் போவாங்க. நல்ல லீடர் கத்த மாட்டான். அவன் கத்தினா அதுவே ஒரு சத்தம், அதுல யார் பேசினாங்கன்னே தெரியாமப் போயிடும். ஓரமா உட்கார்ந்து பேரை மட்டும் எழுதுவான். டீச்சர் வந்து கேட்டா லிஸ்ட்டை நீட்டுவான். எனக்கு அப்படி ஒரு லீடர் வேணும்.

சிப்புக்குள்ள ரெண்டு விஷயம் வச்சேன். ஒண்ணு, 32 வரி கொள்ளளவுள்ள ரிங் பஃபர். மெயின் லூப் படிக்கிற எண்ணிக்கை மாறினா, அந்த எண்ணுக்கு 4 பைட், நேரத்துக்கு 2 பைட்னு ஒரு வரி எழுதும். 32 வரி நிரம்பினா பழசு மேலயே எழுதும். மொத்தம் 192 பைட். 2 கிலோபைட்ல அது கட்டுப்படியாகும். வால்வு மூடின உடனே எழுதறதை நிறுத்திடும், அதனால கடைசி 32 சம்பவமும் அப்படியே உறைஞ்சு நிக்கும். இன்னொண்ணு, சீரியல்ல ஒரு எழுத்தும் ஒரு அட்ரஸும் நீளமும் வந்தா, அந்த இடத்துல இருக்கிற பைட்டை அப்படியே அனுப்பற ஒரு குட்டி ஃபங்ஷன். கேள்வி வராத வரைக்கும் அதுக்கு வேலையே இல்ல.

மத்த புத்திசாலித்தனம் எல்லாம் லேப்டாப்புக்கு. எந்த அட்ரஸ்ல எந்த வேரியபிள் இருக்குன்னு லிங்கர் ஒரு மேப் ஃபைல் கொடுக்கும். என் பைத்தான் ஸ்கிரிப்ட் அதைப் படிச்சு, பேரை அட்ரஸா மாத்தி சிப்கிட்ட கேட்கும். வர்ற பைட்டை நம்பரா மாத்தும், நேரம் போட்டு ஃபைல்ல எழுதும். எழுத்தாக்குறது, ஃபார்மேட் பண்றது, பத்தின் அடிமானத்துக்கு மாத்தறது, இந்தக் கனமான வேலை எதையும் 8 பிட் சிப் தலையில கட்ட வேண்டியதில்ல. பக்கத்துல 16 ஜிபி ரேமோட ஒரு மெஷின் சும்மாதானே உட்கார்ந்திருக்கு.

தண்ணிக்குப் பதிலா இன்னொரு அர்டுயினோவை வச்சு வினாடிக்கு 5000 பல்ஸ் கொடுத்தேன். 24 வினாடியில ஒரு லோடு முடிஞ்சிடும். முடிஞ்சதும் ஸ்கிரிப்ட் பஃபரை வாங்கிக்கும், எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கச் சொல்லும், அடுத்த லோடு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஓடவிட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

சனிக்கிழமை காலைல வந்து பார்த்தா, ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல லோடு ஓடியிருக்கு. அதுல 14 தடவை தப்பு. முதல் ஃபைலைத் திறந்தேன். கடைசி நாலு வரி: 65533. 65534. 65535. அடுத்தது 131071. வால்வு மூடியாச்சு.

அடுத்த ஃபைல். 65535, 131071. அதுக்கடுத்ததும் அதே. பதினாலும் அதேதான். 131071-ஐ பத்தால வகுத்தா 13,107. வெறும் ஆபீஸ்ல தனியா உட்கார்ந்துட்டு "ஐயோ"ன்னு சத்தமா சொன்னேன்.

எம்பெடட் தெரிஞ்சவங்க இந்நேரம் பிடிச்சிருப்பீங்க. தெரியாதவங்களுக்காக, பழைய பைக்ல சக்கரம் சுத்துற ஓடோமீட்டர் இருக்குமே, அதை நினைச்சுக்கோங்க. அதுல 0999-ன்னு இருக்கு. நீங்க வலது பக்கத்துலேருந்து ஒவ்வொரு இலக்கமா நோட்டுல எழுதறீங்க. 9, 9, 9 எழுதியாச்சு. நாலாவது இலக்கத்தைப் பார்க்கறதுக்குள்ள வண்டி ஒரு கிலோமீட்டர் நகர்ந்து 1000 ஆயிடுச்சு. நீங்க நிமிர்ந்து பார்த்து 1-ன்னு எழுதறீங்க. நோட்டுல இருக்கிறது 1999. வண்டி எப்பவுமே 1999 ஓடல. 999-உம் உண்மை, 1000-உம் உண்மை. ரெண்டையும் பாதிப் பாதி எடுத்து ஒட்டினது பொய்.

என் எண்ணிக்கை 32 பிட், அதாவது நாலு பைட். சிப்பு 8 பிட், ஒரு தடவைக்கு ஒரு பைட்தான் படிக்க முடியும். 65535-ங்கிறது கீழ் ரெண்டு பைட்டும் முழுசா நிரம்பின நிலை. மெயின் லூப் அந்த ரெண்டு பைட்டையும் படிச்சிடுச்சு. சரியா அந்த நொடியில மீட்டர்லேருந்து ஒரு பல்ஸ். இண்டரப்ட் குறுக்க பாய்ஞ்சு எண்ணிக்கையை 65536 ஆக்கிட்டுப் போயிடுச்சு. இப்போ கீழ் ரெண்டு பைட்டும் பூஜ்யம், மூணாவது பைட் 1. மெயின் லூப் விட்ட இடத்துலேருந்து தொடர்ந்து மூணாவது பைட்டைப் படிக்குது, 1 கிடைக்குது. பழைய கீழ்ப்பாதி, புது மேல்பாதி. மொத்தம் 131071. அது 1,20,000-க்கு மேல இருக்கிறதால லோடு முடிஞ்சதுன்னு முடிவு பண்ணி வால்வை மூடிடுச்சு. உண்மையில இறங்கினது ஆறாயிரத்து ஐந்நூத்தி அம்பத்து மூணு லிட்டர். டிரைவர் சொன்ன அதே பாதி.

அந்த இடைவெளி எவ்வளவு தெரியுமா? ரெண்டு க்ளாக் சைக்கிள். ஒரு மைக்ரோவினாடியில எட்டுல ஒரு பங்கு. ஒரு லோடுல ஒரே ஒரு தடவைதான் 65535-ஐத் தாண்டும். அப்போ என் லூப்போட 160 சைக்கிள்ல அந்த ரெண்டுக்குள்ள பல்ஸ் விழணும். எண்பது லோடுக்கு ஒண்ணு. ஒரு நாளைக்கு எட்டு லோடுன்னா பத்து நாள். கணக்கு வந்து கண்ணு முன்னாடி நின்னுச்சு.

சரி பண்ணினது மூணு வரி. படிக்கிறதுக்கு முன்னாடி இண்டரப்டை நிறுத்து, நாலு பைட்டையும் காப்பி எடுத்துக்கோ, இண்டரப்டைத் திருப்பி விடு. அந்த வேரியபிளுக்கு வாலட்டைல்னு போட்டிருந்தேனே, அது போதாதான்னு சிலர் கேட்பீங்க. நானும் அந்த நம்பிக்கையிலதான் இருந்தேன். வாலட்டைல்ங்கிறது, ஒவ்வொரு தடவையும் மெமரிக்குப் போய்ப் படின்னு கம்பைலருக்குச் சொல்லும். ஒரே மூச்சுல படின்னு சொல்லாது. இன்டர்வியூல அதோட டெஃபனிஷனை அழகா சொன்னவன் நான்.

இதுக்கு நல்ல டீபக்கர் வாங்கியிருக்கலாமேன்னு ஒரு கேள்வி வரும். வாங்கலாம். இப்போ நான் வேலை பார்க்கிறது ஏஆர்எம் கார்டெக்ஸ் சிப்ல. ரெண்டே ஒயர், ஒரு எஸ்டி-லிங்க், லேப்டாப்ல ஓப்பன்ஓசிடியும் ஜிடிபியும். எந்த வரியிலயும் நிறுத்தலாம், உள்ள எல்லாத்தையும் பார்க்கலாம். சுகமாத்தான் இருக்கு. ஆனா பிரேக்பாயிண்ட்ல நிக்கிறது சிப்பு மட்டும்தான். பல்ஸ் வந்துட்டே இருக்கும், தண்ணி ஓடிட்டே இருக்கும், மோட்டர் சுத்திட்டே இருக்கும். மோட்டர் டிரைவர் ஆன் ஆன நிலையில ப்ரோக்ராமை நிறுத்தி, டிரான்சிஸ்டரைப் புகையவிட்டவங்க நம்ம கேட்கிறவங்கள்ல நிச்சயம் இருப்பீங்க. அதனாலதான் கார்டெக்ஸ் சிப்புல ப்ரோக்ராமை நிறுத்தாமலே மெமரியைப் படிக்க வழி வச்சிருக்காங்க. செக்கரோட ஆர்டிடியும் அதைத்தான் பயன்படுத்துது: சிப் ரேம்ல ஒரு பஃபர்ல எழுதிட்டு தன் வேலையைப் பார்க்கப் போயிடும், லேப்டாப் வந்து எடுத்துக்கும். அதே கிளாஸ் லீடர்தான், கொஞ்சம் நல்ல யூனிஃபார்ம்ல.

இன்னொரு விஷயம். பிழை கிடைச்சதும் மானிட்டரை எடுத்துட்டுத்தான் அனுப்பணும்னு ஒருத்தர் சொன்னார். அந்த அக்கா ஒத்துக்கல. அப்போ அவங்க சொன்னதுதான் மார்ஸ் பாத்ஃபைண்டர் கதை. 1997 ஜூலை 4 செவ்வாய்ல இறங்குச்சு. கொஞ்ச நாள்லயே அதோட கம்ப்யூட்டர் தானா ரீசெட் ஆக ஆரம்பிச்சது. வானிலைத் தகவல் சேகரிக்கிற ஒரு சாதாரண டாஸ்க், ஒரு பூட்டைப் பிடிச்சிருக்கு. அந்தப் பூட்டு கிடைக்கணும்னு ரொம்ப முக்கியமான டாஸ்க் காத்திருக்கு. நடுத்தர முக்கியத்துவம் உள்ள மத்த டாஸ்க் எல்லாம் நடுவுல புகுந்து, சின்னதை வேலையை முடிக்க விடல. முக்கியமானது கெடு தவறுது, உடனே ரீசெட். பூமியில ஜேபிஎல்ல இருந்த நகல் மெஷின்ல, டாஸ்க் மாறுறதை எல்லாம் பஃபர்ல எழுதி வைக்கிற வசதியை ஆன் பண்ணி ஓட்டிப் பிடிச்சாங்க. பூட்டுல ஒரு ஆப்ஷனை மாத்தற திருத்தத்தை பூமியிலேருந்தே அனுப்பினாங்க. அந்தப் பதிவு வசதி செவ்வாய்க்குப் போன மென்பொருள்லயும் இருந்தது. மறந்துபோய் விட்டதில்ல, வேணும்னே வச்சது. மென்பொருள் குழுவை நடத்தின க்ளென் ரீவ்ஸ் இதைத் தெளிவா எழுதியிருக்கார்: டெஸ்ட் பண்ணினதைத்தான் பறக்க விடணும், பறக்கறதைத்தான் டெஸ்ட் பண்ணணும்.

நான் ப்ரிண்டை எடுத்துட்டு அனுப்பின பெட்டி, நான் டெஸ்ட் பண்ணாத பெட்டி. அதனால மானிட்டர் உள்ளேயே இருக்கட்டும்னு முடிவு பண்ணினோம். ஒரு மாற்றத்தோட: டெஸ்ட்ல எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கற கட்டளை இருந்தது இல்லையா, அதை எடுத்துட்டோம். எடுத்த பிறகு மறுபடியும் ரெண்டு ராத்திரி ஓட்டினோம், பல்ஸ் கொடுக்கிற போர்டு பெட்டிக்குக் கரண்டை நிறுத்தி நிறுத்திக் கொடுத்து. காசு கணக்குப் பார்க்கிற மீட்டர்ல, கேபிள் மாட்டினவன் எல்லாம் எழுதலாம்னு விட்டா, செகரெட்டரி சார் சந்தேகப்பட்டது நாளைக்கு நிஜமாயிடும். படிக்க மட்டும்தான் முடியும், அதுவும் சீல் வச்ச மூடிக்குள்ள.

திங்கட்கிழமை அபார்ட்மெண்டுக்குப் போனேன். லேப்டாப்ல அந்தப் பதினாலு ஃபைலையும் செகரெட்டரி சாருக்குக் காட்டினேன். ஓடோமீட்டர் கதையைத்தான் சொன்னேன், உடனே புரிஞ்சுக்கிட்டார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அந்த டிரைவர் நம்பர் இருக்கா?"ன்னு கேட்டார். இறங்கின அளவுக்கு ரெண்டு லோடு பணமும் அந்த வாரமே போச்சு.

நானும் போன் பண்ணினேன். "அண்ணா, தப்பு எங்க பெட்டியிலதான். என் கோடுல. மன்னிச்சுக்கோங்க"ன்னு சொன்னேன். பின்னாடி லாரி இன்ஜின் சத்தம். "நான் அன்னைக்கே சொன்னேனே தம்பி, வண்டியே 12 ஆயிரம்தான்னு"ன்னார். கோபமா சொன்னா பரவாயில்லைன்னு இருந்தது, சாதாரணமாத்தான் சொன்னார். மறுபடி அங்க லோடு எடுத்துக்கிறீங்களான்னு கேட்டேன். வேற ரூட் பிடிச்சாச்சு, வேணாம்ப்பான்னார். வைக்கப் போறப்போ, "அந்த மெசேஜ் அவருக்கு மட்டும்தானே போகுது? ஓட்டுறவனுக்கும் ஒண்ணு வந்தா அப்பவே பார்த்துச் சொல்லிடுவோம்ல"ன்னு கேட்டார்.

அடுத்த வெர்ஷன்ல டிரைவர் நம்பருக்கும் எஸ்எம்எஸ் போச்சு. மூடற நேரத்து எண்ணிக்கையோட, அதுக்கு முந்தின எண்ணிக்கையும் சேர்த்து.